ஒரே நீலம், வேறு வேறு மண்: சிக்கபள்ளாபுரா பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தை அளந்த சனிக்கிழமை

இந்த வலைப்பதிவில் நான் எழுதுவது எல்லாமே பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி மாலை வீடு திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான். இந்தப் பயணமும் அப்படித்தான். ஆனால் போனது சுற்றிப் பார்க்க இல்லை. எதற்குப் போகிறோம் என்று தெரியாமலே கிளம்பி, பாதி நாள் வரைக்கும் தெரியாமலே இருந்தேன்.

ஜனவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமை அக்கா போன் பண்ணினாள்.

"சனிக்கிழமை உனக்கு லீவுதானே? வந்துட்டுப் போ. தோட்டத்துல மண்ணுக்கு மேப் எடுக்க ஒரு பொண்ணு வருது."

"மண்ணுக்கு மேப்பா? அதுல நான் என்ன பண்ணப் போறேன்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நடுவுல ஒரு ஆள் இருந்தா போதும்."

நடுவில் என்றால் யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அக்கா கல்பனாவும் அவள் கணவர் மஞ்சுநாத்தும் பீன்யாவில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அங்கேதான் பழக்கம். மஞ்சு மாமா கன்னடக்காரர். சிக்கபள்ளாபுராவுக்கு அப்பால் அவர் பங்குக்கு மூன்றரை ஏக்கர் வந்தபோது அக்காதான் முதலில் வேலையை விட்டுவிட்டு அங்கே போனாள். மாமா இன்னும் நான்கு வருஷம் பீன்யாவிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருவார். அந்த நான்கு வருஷத்தில் கீழ்ப்பக்கத்து ஒரு ஏக்கரை நட்டு, பந்தல் போட்டு, கொடி ஏற்றியதெல்லாம் அக்கா. இப்போது அந்த ஒரு ஏக்கர்தான் மூன்று வருஷமாக மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

எப்படிப் போவது என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஆஸ்டின் டவுனில். ஆட்டோ பிடித்து எம்.ஜி. ரோடு, அங்கிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக். அங்கே காலை ஏழு மணிக்கு முன்பே சிக்கபள்ளாபுரா பேருந்து கிடைத்துவிடும். சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், கர்நாடக முகவரி உள்ள ஆதார் கையில் இருக்க வேண்டும். அறுபது கிலோமீட்டருக்குச் சனிக்கிழமை காலையில் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஹெப்பாளைத் தாண்டுவதற்குள்ளேயே அதில் அரை மணி போய்விடுகிறது. தேவனஹள்ளிக்கு அப்புறம் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் நந்தி மலை கூடவே வரும். தலையில் பனியைச் சுற்றிக்கொண்டு நின்றது. போட்டோ எடுத்தேன், கண்ணாடி அழுக்குதான் நன்றாக விழுந்திருக்கிறது.

சிக்கபள்ளாபுரா பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ. ஒன்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். டிரைவர் கன்னடத்தில் கேட்டார், ஒயின் குடிக்கவா என்று. இந்தப் பக்கம் பெங்களூர்க்காரர்கள் வருவது அதற்குத்தான்.

"இல்ல, மண்ணுக்கு மேப் எடுக்கறாங்க, அதைப் பாக்க," என்றேன்.

"ஓ, சைட் போடறாங்களா? எந்த சர்வே நம்பர்?"

வீட்டுமனை லே அவுட் இல்லை, திராட்சைதான் என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது, விலை ஏறுவதற்குள் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று அறிவுரை சொன்னார். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை மாமா நிலத்தை விற்கத்தான் போகிறாரோ, நடுவில் ஆள் கேட்டது அதற்குத்தானோ என்று.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ சண்டை என்று தெரிந்தது. மாமா உள்ளே டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். "காபி குடிச்சாச்சான்னு உங்க மாமாவைக் கேளு," என்றாள். அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். "ஆச்சுன்னு சொல்லும்மா," என்றார் அவர். அப்போதுதான் நடு ஆள் என்றால் என்னவென்று புரிந்தது.

விஷயம் இதுதான். கீழ்ப்பக்கத்து ஏக்கரில் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு ரோஜா போடலாம் என்று மாமா முடிவு செய்து, திங்கட்கிழமைக்குப் பொக்லைன் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொன்னது அதற்கப்புறம். "பத்து வருஷக் கொடி. என்னைக் கேக்காம வண்டியைச் சொல்லிட்டாரு," என்றாள் என்னிடம். மாமாவோ, "மூணு வருஷமா எல்லாம் செஞ்சு பாத்தாச்சு. அந்த மண்ணு கெட்டுப் போச்சு. அவளுக்கு மனசு வரல, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார், அதுவும் என்னிடம். கடைசியாக ஒரு தடவை மண்ணைப் பரிசோதித்துவிடலாம் என்று அக்கா பிடிவாதம் பிடிக்க, அதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மேப் எடுக்கும் நஸ்ரீன் ஒன்பதரைக்கு வந்தாள். சந்தாபுராக்காரி, சின்ன வேனில், பின்னால் ஒரு தள்ளுவண்டி மாதிரி ஒன்றை ஏற்றிக்கொண்டு, பெங்களூரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு விடியற்காலையில் புறப்பட்டு வந்திருக்கிறாள். விவசாயக் கல்லூரியில் மண் பற்றிப் படித்தவள், முப்பது வயது இருக்கும். தன் தமிழ் அம்மா வீட்டில் பேசிக் கற்றதுதான் என்று சொல்லிக்கொண்டே கருவியை டிராக்டருக்குப் பின்னால் மாட்டினாள்.

அந்தக் கருவியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அச்சில் நாலைந்து இரும்புத் தட்டுகள். டிராக்டர் இழுக்கும்போது அவை மண்ணைக் கொஞ்சம் கீறிக்கொண்டு உருளும். ஒரு தட்டு மண்ணுக்குள் லேசான மின்சாரத்தை விடும், இன்னொன்று எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். களிமண்ணும் ஈரமும் இருந்தால் மின்சாரம் சுலபமாகப் போகும். மணலும் சரளையும் இருந்தால் போகாது. கூடவே ஜிபிஎஸ் இருப்பதால் எந்த இடத்தில் எவ்வளவு என்று பதிவாகிவிடும். இதை வைத்துத் தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தண்ணீரையும் உரத்தையும் தனித்தனியாகக் கொடுக்கலாமாம். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்று, இரண்டு நாள் முன்னாலேயே தோட்டம் முழுக்கத் தண்ணீர் விடச் சொல்லியிருந்தாள்.

மாமா டிராக்டரை ஓட்ட, நஸ்ரீன் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க, நான் கல்தூணில் தட்டு இடிக்கிறதா என்று பார்த்துக் கத்த வேண்டும். திராட்சைப் பந்தல் தலை உயரத்துக்குத்தான் இருக்கிறது. குனிந்துகொண்டே வரிசை வரிசையாகப் போய் வந்ததில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதே மறந்துவிட்டது. பந்தலுக்குக் கீழே எல்லாம் ஒரே பச்சை வெளிச்சம், எல்லாம் ஒரே செம்மண். இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பதினொன்றரைக்குப் படம் திரையில் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று தோட்டம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருந்தது. கீழ்ப்பக்கத்து ஏக்கர் முழுக்க அடர்ந்த நீலம்.

"சிவப்புதானே கெட்டது?" என்று கேட்டேன்.

"நல்லது கெட்டது இதுல இல்லக்கா. நீலம்னா மின்சாரம் நல்லாப் போகுது. சிவப்புன்னா போகல. அவ்ளோதான்," என்றாள் நஸ்ரீன்.

மாமா திரையில் விரல் வைத்தார். மேல்பக்கம், மோட்டார் ரூமை ஒட்டி, அதே அடர்ந்த நீலத்தில் ஒரு பட்டை. "இது நம்ம தோட்டத்துலயே ஃபர்ஸ்ட் கிளாஸ் இடம். ஒவ்வொரு கொடியும் கை மொத்தம். இதுவும் நீலம், அதுவும் நீலமா?"

"ஆமா சார்."

"அப்போ ரெண்டும் ஒரே மண்ணா?" இது அக்கா.

"ஒரே ரீடிங் மேடம். ஒரே மண்ணுன்னு சொல்ல முடியாது. களிமண்ணா இருந்தாலும் நீலம் வரும், உப்பு இருந்தாலும் நீலம் வரும், ஈரம் ஜாஸ்தியா இருந்தாலும் வரும். கீழ உப்பா இருக்கும்னு எனக்கு ஒரு டவுட். தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"இவ்ளோ மெஷின் ஓட்டி, கடைசில தோண்டித்தான் பாக்கணுமா?" என்றார் மாமா. கேட்ட விதத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

"எங்க தோண்டணும்னு சொல்றதுக்குத்தான் சார் மெஷின்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரே நிறத்துக்கு மூன்று அர்த்தம் இருக்கும் படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்கு ராகிக் களியும், அந்தப் பக்கம் சாறு என்று சொல்லும் கீரைக் குழம்பும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நஸ்ரீனுக்கும் புரிந்துவிட்டது, சாறு நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்தாள். மாமா கை கழுவிவிட்டு வந்து, "எது வந்தாலும் திங்கட்கிழமை வண்டி வரும்," என்றார். அக்கா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தோண்ட வேண்டிய இடங்களை நஸ்ரீன் என் போனில் போட்டுக் கொடுத்து, மூன்று கொடிகளை நட்டுவிட்டு வரச் சொன்னாள். திராட்சைக் கொடி இல்லை, குச்சியில் கட்டிய சிவப்புத் துணி. நானும் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நான் நின்றால் புள்ளி நகர்கிறது, நான் நகர்ந்தால் புள்ளி நிற்கிறது. பந்தலுக்குக் கீழே சிக்னல் அப்படித்தான் என்று பிறகு சொன்னாள். கீழ்ப்பக்கத்தில் சுமாராக ஒரு இடத்தில் குச்சியைக் குத்திவிட்டு வந்தேன்.

முதல் பள்ளம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில். முழங்கால் ஆழம் போனதும் கடப்பாரை டங்கென்றது. பழைய இரும்புக் குழாய். நிலம் பிரிப்பதற்கு முன்னால் போட்டது. புதைந்து கிடப்பதை மாமாவே மறந்துபோயிருந்தார். மேலே தெரிந்த நீலப் பட்டை அந்தக் குழாய்தான். நஸ்ரீன் அதை மட்டும் படத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

இரண்டாவது பள்ளம் சிவப்பு இடத்தில். ஆழத்தில் சரளை, அதற்குள் தெம்பாக இறங்கிய வெளிர் நிற வேர்கள். அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாவது, கீழ்ப்பக்கத்தில் நான் நட்ட குச்சியில். ஒரு அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் களிமண், பிசைந்த மாவு மாதிரி. உப்பு இல்லை என்று நஸ்ரீன் அங்கேயே ஒரு கையடக்கக் கருவியால் பார்த்துவிட்டாள். ஆனால் வேர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பந்தலில் அந்த ஒரு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது.

"நோடு, இதைப் பாரு," என்றார் மாமா, முதல் முறையாக அக்காவை நேராகப் பார்த்து. "களிமண்ணுலயும் கொடி நல்லாத்தான் இருக்கு. அப்போ மண்ணு காரணம் இல்ல. மத்ததெல்லாம் நோய். பிடுங்கித்தான் ஆகணும்."

அக்கா பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தகராறில் யாருக்கும் உதவாமல் இருந்தால் பரவாயில்லை, நான் குச்சி நட்ட இடமே அவளுக்கு எதிராகப் போய்விட்டது.

நஸ்ரீன் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, நான் குடுத்த பாயின்ட் இது இல்லையே. நாலு வரிசை தள்ளி வந்துட்டீங்க."

மறுபடி தோண்டினோம். நான்கு வரிசை தள்ளி, மஞ்சளான கொடிகளுக்கு நடுவில். அதே ஒரு அடி செம்மண், அதே சாம்பல் களி. ஆனால் இங்கே கடப்பாரையை எடுத்ததும் பள்ளத்தின் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அடியில் தேங்கியது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தண்ணீர் விட்டும் இரண்டு நாள் ஆகிவிட்டது. நஸ்ரீன் ஒரு வேரை இழுத்தாள், தோல் கழன்று கையோடு வந்தது. கறுப்பு. சாக்கடை நாற்றம்.

"மூச்சு முட்டிப் போயிருக்கு," என்றாள்.

"தண்ணியாலயா? இலை எல்லாம் வாடித் தொங்குது," என்றார் மாமா.

"வேர் அழுகினாலும் வாடும் சார். மேல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"அப்போ அந்தப் பச்சை வரிசை? அதுலயும் இதே களிதானே?" இதைக் கேட்டது நான். நஸ்ரீன் தெரியவில்லை என்றாள். நேர்மையாகச் சொன்னாள், அதனால் குழப்பம் கூடத்தான் செய்தது.

அக்கா எழுந்து அந்தப் பச்சை வரிசைக்குப் போனாள். சொட்டுநீர்க் குழாயைக் கையில் பிடித்து, வரிசையோடு குனிந்து நடந்தாள். வரிசைத் தலைப்பில் ஒரு கல்தூண் சாய்ந்து குழாயை மண்ணோடு அழுத்திக்கொண்டிருந்தது. மாமா போய் மெயின் வால்வைத் திறந்தார். மற்ற எல்லா வரிசையிலும் சொட்டியது. இந்த வரிசையில் ஏதோ இரண்டு இடத்தில் கண்ணீர் மாதிரி கசிந்ததோடு சரி. எப்போது சாய்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் சரியாகப் போய்ச் சேராத அந்த ஒரு வரிசைதான் பிழைத்திருந்தது. மாமா அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாடுதுன்னு நெனச்சு இந்தப் பக்கம் மட்டும் தெனம் ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி விட்டேன்," என்றார். என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"நான் நோய்னு நெனச்சு மருந்து அடிச்சேன்," என்றாள் அக்கா.

"கேட்டிருக்கலாம் நான். வண்டி சொல்றதுக்கு முன்னாடி."

"ஆமா, கேட்டிருக்கணும்," என்றாள். விட்டுக்கொடுக்கிற குரல் இல்லை அது. ஆனால் நடுவில் ஆள் இல்லாமல் பேசினார்கள். நான் மெதுவாக நகர்ந்து நஸ்ரீனோடு பள்ளத்தை மூடப் போனேன்.

ஒரு வரிசையை வைத்து முழு ஏக்கருக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது என்று நஸ்ரீன் எச்சரித்தாள். அழுகிப்போன வேர்கள் எல்லாம் திரும்பி வராது என்றும் சொன்னாள். களிமண் அங்கே எப்படி வந்தது என்று மாமா தன் அண்ணனுக்குப் போன் போட்டார். ஏரிக் கால்வாய் ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் போயிற்று என்றார் அண்ணன். பக்கத்துத் தோட்டக்காரரோ, கால்வாய் அந்தப் பக்கமே வந்ததில்லை, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் மண் போட்டுச் சமப்படுத்தினார்கள் என்றார். எது உண்மை என்று இன்றுவரை தெரியாது. வாசல் பக்கம் படத்தில் இருந்த ஒரு மஞ்சள் திட்டுக்கும் யாரிடமும் விளக்கம் இல்லை.

நான் நாலரை மணிக்குக் கிளம்பிவிட்டேன். மாமாவே பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விட்டார். மற்றதை அக்கா போனில் சொன்னாள். திங்கட்கிழமை பொக்லைன் வந்தது. கீழ்ப்பக்கத்து எல்லையில் தண்ணீர் வடிய ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். முற்றிலும் செத்துப்போன ஆறு வரிசையைப் பிடுங்கினார்கள். எந்த ஆறு என்று காட்டியது அக்கா. வண்டி வேலை செய்யும்போது அவள் வீட்டுக்குள் போகவில்லையாம், கடைசி வரைக்கும் அங்கேயே நின்றாளாம். அப்புறம் நஸ்ரீன் குழாய் புதைந்த பட்டையை நீக்கிவிட்டுப் புதுப் படம் அனுப்பினாள். அதன்படி தோட்டத்துக்கு மூன்று வால்வு வைத்தார்கள். சரளைப் பக்கத்துக்கு அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நடுவில் பழையபடி. கீழே, சின்னதாக ஒரு பள்ளம் தோண்டி ஈரம் இருக்கிறதா என்று கை விட்டுப் பார்த்த பிறகுதான்.

ஜூலையில் மறுபடி போயிருந்தேன். மிச்சமிருந்த வரிசைகளில் பாதிக்கு மேல் புதுத் துளிர். மீதி அப்படியே மஞ்சளாக நின்றது. ஏன் இது பிழைத்தது, அது பிழைக்கவில்லை என்று கேட்டேன். அக்கா கையை விரித்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: இது சுற்றுலா இடம் இல்லை, அதனால் ஊர்ப் பெயர் போடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கேட்டால் தோட்டத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. கேட்காமல் பந்தலுக்குள் நுழையாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். பழம் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். தொப்பி வேண்டாம், பந்தல் கம்பியில் மாட்டும். பழைய செருப்பு போதும். திரும்பும் பேருந்தை ஐந்து மணிக்குள் பிடித்தால் ஹெப்பாள் நெரிசலில் நிற்பது குறையும். சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்து இப்படி அளக்க நினைத்தால், படம் வந்ததும் முடிவெடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பள்ளமாவது தோண்டுங்கள். புதைந்த குழாய் எங்கெங்கே என்று முன்னாலேயே யோசித்து வையுங்கள். குச்சி நடும் வேலையை என் மாதிரி ஆளிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

அந்தப் படத்தை இப்போதும் என் போனில் வைத்திருக்கிறேன். எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன், பாதிதான் புரியும். போன வாரம் மாமாவிடம் பேசும்போது வழக்கம்போல, "தோட்டம் எப்படி இருக்கு மாமா?" என்றேன். முன்பெல்லாம் நன்றாக இருக்கிறது, சுமார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இந்தத் தடவை என்னையே திருப்பிக் கேட்டார்.

"எந்த இடம் கேக்கறே?" என்றார்.